தோற்கத் தெரிந்த முயல்

ஜப்பான் நாட்டு மூங்கில் காடு ஒன்றில் ஓகினு என்ற முயல் வாள்வித்தை சொல்லிக்கொடுத்து வந்தாள். மரவாள்தான். ஆனாலும் தலையில் விழுந்தால் மண்டை பிளந்துவிடும்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பாடத்தின் முடிவில் ஆசானும் மாணவனும் எதிரெதிரே நிற்பார்கள். ஆசான் முதலில் வீச வேண்டும். மாணவன் விலகித் திருப்பி வீச வேண்டும். கடைசியில் மாணவனின் வாள்தான் ஆசானின் கழுத்தருகே போய் நிற்கும். தினமும் ஆசானே தோற்பார்.

அவளிடம் படித்துவந்த சபுரோ என்ற குரங்குக்கு இது தலைக்கேறிவிட்டது. வருஷக்கணக்கில் வென்றுகொண்டே இருந்தால் யாருக்குத்தான் ஏறாது? ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான்.

“வாத்தியாரம்மா, தினமும் நான்தானே ஜெயிக்கிறேன். இனிமேல் பள்ளியை நானே நடத்துகிறேன்.”

முயல் கோபப்படவில்லை. “சரி, நடத்து. இன்றைக்கு அந்தப் புது மாணவன் நீர்நாய்க்கு நீ ஆசானாக நில்.”

நீர்நாய் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். சபுரோவுக்குச் சிரிப்பு வந்தது. ஓங்கி வீசினான்.

நீர்நாய் விலகவில்லை. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான்.

சபுரோ வாளை நிறுத்தப் பார்த்தான், முடியவில்லை. இத்தனை வருஷமும் அவன் பழகியது ஜெயிக்க மட்டும்தான். ஐயோ, ஓர் உயிர் போகப்போகிறது!

‘டக்’ என்று ஒரு சத்தம். முயலின் வாள் குறுக்கே நின்றது. சபுரோவின் வாள் நீர்நாயின் மீசையை உரசிக்கொண்டு அசையாமல் நின்றது. முயல் எப்போது எழுந்தாள், எப்போது வந்தாள், யாரும் பார்க்கவில்லை. அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

சபுரோ முயலின் கையைப் பார்த்தான். இந்தக் கையா தினமும் தன்னிடம் தோற்றது? அத்தனை நாளும் அந்த வாள் அவன் வேகத்தைப் பார்த்துப் பார்த்து, அவனுக்கு இடம் விட்டுவிட்டு வீசியிருக்கிறது! அவன் மண்டியிட்டுத் தலையைத் தரையில் வைத்தான்.

“இப்படித் தோற்க எத்தனை வருஷம் பழக வேண்டும், வாத்தியாரம்மா?”

“எனக்கெப்படித் தெரியும்? எனக்கே இன்னும் முழுசாக வரவில்லை. போன மாதம்கூட என் வாள் உன் தோளில் பட்டுவிட்டது. அதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை. மலைக்கு அப்பால் ஒரு கொக்கிடம் போய் நானும் பாடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.”

சபுரோ எழுந்தான். வரிசையில் நீர்நாய்க்கும் பின்னால் போய் நின்றுகொண்டான்.

தன்னை ஜெயிக்க வைக்கும் ஆசானை ஜெயித்துவிட்டதாக நினைப்பவன், பாடத்தை இன்னும் தொடங்கவே இல்லை.