தீனி கேட்காத வண்டி

ரொம்பக் காலத்துக்கு முன்னே பாறைக்கோட்டை என்ற நாட்டை அதிரதன் என்றொரு ராஜா ஆண்டான். அவனுக்குக் காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு. கோட்டையோ செங்குத்தான மேட்டின் உச்சியில் இருந்தது. நெல்லெல்லாம் அந்த மேடேறித்தான் வரவேண்டும்.

பண்டகசாலை அதிகாரி பூவராகனுக்கு மந்திரி நம்பியைக் கண்டாலே வயிற்றெரிச்சல். ஒருநாள் அவன் மூன்று சக்கர மிதிவண்டி ஒன்றைச் சபைக்குக் கொண்டுவந்தான்.

“மகாராஜா! மாட்டுக்கு வைக்கோல், புண்ணாக்கு, லாடம், வைத்தியம். இந்த வண்டிக்குத் தீனியே வேண்டாம். ஆள் ஏறி மிதித்தால் போதும்!”

“மிதிக்கிறவனுக்கு?” என்று கேட்டார் மந்திரி.

“யார் நல்லது செய்தாலும் மந்திரிக்குப் பொறுக்காது!” என்றான் பூவராகன். ராஜா சிரித்தான், சபையும் சிரித்தது. அந்த வாரமே மாடுகளை விற்றுவிட்டார்கள்.

இந்த ராஜாவுக்குச் சொன்னால் புரியாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்று மந்திரி நினைத்தார். புத்தரிசித் திருநாளில் முதல் பாரத்தை ராஜா கைகாட்டும் பெரிய மனிதர் ஒருவர் தாமே ஓட்டிவர வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். அதற்கு மூன்று மாதம் இருந்தது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். நடுவில், மேட்டுப் பாதையின் மூன்றாம் வளைவில் மிதித்தபடியே சரிந்து வண்டிக்காரன் மாசானம் செத்துப்போனான் என்று சேதி வந்தது. மந்திரிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனாலும் இன்னும் ஒரு மாதம்தானே என்று இருந்துவிட்டார்.

திருநாளும் வந்தது. “இப்படியொரு வண்டி தந்தவருக்கே அந்த மரியாதை சேரட்டும், மகாராஜா” என்றார் மந்திரி. பூவராகன் மாலையும் கழுத்துமாக ஏறி உட்கார்ந்தான். பின்னால் ஒன்பது மூட்டை.

முதல் வளைவிலேயே, “தண்ணீர்!” என்றான்.

“வண்டிக்கு ஒன்றும் வேண்டாம் என்றீரே?” என்றார் ராஜாவோடு கூடவே வந்த மந்திரி.

இரண்டாம் வளைவில், “மோர்! ஒரு பிடி சோறு!”

“தீனி மாட்டுக்குத்தானே, ஐயா?”

மூன்றாம் வளைவில் தொடையைப் பிடித்துக்கொண்டு கீழே உருண்டான். “வைத்தியரைக் கூப்பிடுங்கள்!”

“மகாராஜா, மாடு தின்றதைவிட இது அதிகம் தின்னும்போல் இருக்கிறதே!”

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். பூவராகனின் பதவி அங்கேயே பறிபோயிற்று. மேட்டுக்கு மறுபடி மாடுகள் வாங்க உத்தரவாயிற்று. “உம்மைப்போல் புத்திசாலி உண்டா!” என்று ராஜா தன் முத்துமாலையை மந்திரி கழுத்தில் போட்டான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாசானத்தின் மனைவி பேச்சி முன்னால் வந்தாள்.

“சாமி, இந்த வண்டி ஆளைத் தின்னும்னு ஒங்களுக்கு எப்பத் தெரியும்?”

மந்திரிக்குப் பொய் வரவில்லை. “முதல் நாளே தெரியும், அம்மா.”

“அப்ப மூணு மாசமா நாள் பாத்துக்கிட்டு இருந்திருக்கீக.”

அவர் முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். அவள் அதைத் தொடவில்லை, வந்த வழியே இறங்கிப் போனாள்.

நாடெங்கும் நம்பியின் புத்தியைப் பாடினார்கள். ஆனால் யாராவது அவர் எதிரில் பொறுத்தார் பூமி ஆள்வார் என்று தொடங்கினால், மனிதர் எழுந்து வெளியே போய்விடுவாராம்.