தட்டும் கம்பியும்

மலாய் நாட்டின் தெலுக் இந்தான் நகரை விட்டு ஆற்றோரமாகச் செல்லும் சாலையில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் தொடங்கும் இடத்தில் ஞானாம்பிகை அம்மையாரின் மடம் இருந்தது. அம்மையாருக்கு வயது நாற்பத்தைந்துக்கு மேல் இராது. சீடர்களில் பெரும்பாலோர் அவரைவிட மூத்தவர்கள். எல்லாருக்கும் மூத்தவர் கோதண்டபாணி.

கோதண்டபாணி நகரில் நெடுங்காலம் தொலைக்காட்சிப் பெட்டிக் கடை வைத்திருந்தவர். மனைவி காலமான பிறகு கடையை விற்றுவிட்டு மடத்துக்கு வந்து சேர்ந்தார். கடை கைமாறிப் போயிற்று. கடைக்காரக் கண் மட்டும் மாறவில்லை. எங்கே ஒரு திரை ஒளிர்ந்தாலும் அருகில் போய்க் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு படத்தின் தரத்தை எடைபோடுவார். செய்தி வாசிக்கும் பெண்மணி எங்கோ வெள்ளம் என்று சொல்லிக்கொண்டிருப்பார். இவரோ, அந்தப் பெண்மணியின் காதோரத்து முடி இழை இழையாகத் தெரிகிறதா என்று ஆராய்ந்துகொண்டிருப்பார்.

மடத்துக் கூடத்தில் சொற்பொழிவு பார்ப்பதற்கென்று ஒரு தொலைக்காட்சி உண்டு. அதற்காகக் கூரைமேல் டிஷ் பொருத்திக் கொடுத்தவர் கோதண்டபாணியே. எல்லாரும் அதைத் தட்டு என்றார்கள். பின்னர் லெட்சுமணன் என்னும் சீடர், பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், ஓர் ஆன்டெனாவை வாங்கிவந்து உயரமான மூங்கிலில் கட்டி நிறுத்தினார். செயற்கைக்கோள் வரைக்கும் போய்த் திரும்பாமல், பக்கத்து மலைமேலுள்ள ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து நேரே வருகிற படமே உயர்தெளிவில் சிறந்தது என்பது அவர் கட்சி. அதற்குக் கம்பி என்று பெயராயிற்று.

அன்றிலிருந்து மடம் இரண்டுபட்டது. உணவுக்கு அமரும்போதுகூடத் தட்டுக் கட்சி ஒரு வரிசை, கம்பிக் கட்சி ஒரு வரிசை.

"அண்ணே, மேகம் கட்டுது. உங்க தட்டுக்கு ஒரு போர்வை போத்தி விடுங்க, சளி பிடிச்சிடப் போவுது" என்பார் லெட்சுமணன்.

"உன் மூங்கில்ல காக்கா உக்காந்தா போதும் தம்பி, பாடுறவரு திறந்த வாய மூடாம அப்படியே நிக்கிறாரு" என்பார் கோதண்டபாணி.

இருவரும் இந்த வழக்கை அம்மையாரிடம் கொண்டுபோகாத வாரமில்லை. எது மெய்யான படம் என்று கேட்பார்கள். அம்மையார் சிரித்துவிட்டுக் கீரை ஆய்வதைத் தொடர்வார்.

இப்படியிருக்கையில் ஒரு பெரிய சேதி வந்தது. கோதண்டபாணியின் ஒரே மகள் கவிமலர் பூப்பந்து ஆட்டக்காரி. மட்டையும் இறகுப்பந்துமாகவே வளர்ந்த பிள்ளை. ஈப்போவில் தங்கிப் பயிற்சி பெற்றுவந்தாள். அவள் தேசிய மகளிர் ஒற்றையர் இறுதியாட்டத்துக்குத் தேறிவிட்டாள். ஞாயிறு பிற்பகல், ஈப்போ உள்ளரங்கில் ஆட்டம். தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. தட்டிலும் வரும், கம்பியிலும் வரும்.

சனிக்கிழமை காலையில் அவள் மடத்துக்கு வந்து அம்மையாரை வணங்கிவிட்டு, தகப்பனாரைத் தனியே அழைத்து இரண்டு நுழைவுச்சீட்டுகளைக் கையில் கொடுத்தாள்.

"ஒன்னு உங்களுக்கு, ஒன்னு அம்மையாருக்குப்பா. நாற்காலி எண் நானே கேட்டு வாங்கினேன்."

கோதண்டபாணி சீட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். மேல் வரிசை, கூரைக்கு மிக அருகில்.

"அங்கிருந்து பாத்தா நீ எறும்பு மாதிரி தெரிவம்மா. இங்கன்னா உன் நெத்தி வேர்வையைக்கூட எண்ணிப்புடலாம்."

கவிமலர் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு, "சரிப்பா" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினாள்.

அவருக்கோ உள்ளமெல்லாம் தித்தித்தது. மகளின் வாழ்நாளில் இப்படி ஓர் ஆட்டம் மறுபடி வருமோ வராதோ. அதன் ஓர் அணுவைக்கூடத் தவறவிடக்கூடாது என்று முடிவு கட்டினார். கடைக்காலத்து உபாயம் ஒன்று அவரிடம் இருந்தது. வாங்க வந்தவர் தயங்கினால், இரண்டு பெட்டிகளை அக்கம்பக்கமாக வைத்து, இரண்டிலும் ஒரே அலைவரிசையை ஓடவிட்டு, உங்கள் கண்ணே சொல்லட்டும் என்று ஒதுங்கி நிற்பார். அதே உபாயத்தை இப்போதும் கையாண்டார். நகரிலிருந்து இன்னொரு தொலைக்காட்சியை இரவல் வாங்கி, பழையதன் அருகில் நிறுத்தினார். இடப்பக்கத்தில் தட்டு. வலப்பக்கத்தில் கம்பி.

ஞாயிறு காலை வழிபாடு முடிந்ததும் இரண்டு சீட்டுகளையும் அம்மையாரின் முன் வைத்து, பிற்பகலில் அவரே கூடத்தின் நடுவில் அமர்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அம்மையார் சீட்டுகளை எடுத்து இரண்டையும் படித்தார். ஒன்றைத் தம் துணிப்பையில் வைத்தார். மற்றதை மடித்துக் கோதண்டபாணியின் சட்டைப்பையில் செருகி, விரலால் ஒருமுறை அழுத்தினார்.

"இது உங்கள் பெயருக்கு வந்தது. பத்து மணிக்குப் பேருந்து இருக்கிறது."

"இருக்குதும்மா. ஆனா வெளிச்சம் திரையில விழாம ஜன்னலுக்கெல்லாம் துணி கட்டணும், அதுக்கே மத்தியானம் ஆயிடும்" என்று சொல்லிக்கொண்டே ஏணி தேடிப் போய்விட்டார் அவர்.

பிற்பகலில் கூடம் நிறைந்து வழிந்தது. தோட்டத்துச் சனங்களும் சாலைக்கு அப்பாலிருந்த மலாய்க் குடும்பங்களும் வந்து குந்திவிட்டார்கள். அம்மையாரைத்தான் காணோம். காலையிலேயே பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டதாகச் சமையற்கட்டிலிருந்து சேதி வந்தது. நடுவிலிருந்த பாயைக் காலியாக விட்டுவைத்து, அவர் எந்த நேரமும் வந்துவிடுவார் என்று எல்லாரும் வாசலை ஒருமுறை பார்த்தார்கள். அதற்குள் இரண்டு திரைகளிலும் கவிமலர் களத்தில் இறங்கிவிட்டாள். அதன் பிறகு யார் வாசலைப் பார்த்தார்கள்!

ஆட்டம் தொடங்கிய சற்றைக்கெல்லாம் ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. கம்பியில் வருவது முந்தியும் தட்டில் வருவது நாலைந்து நொடி பிந்தியும் வந்தன. கம்பித் திரையில் பந்து தரையைத் தொட்டுவிடும். தட்டுத் திரையில் அதே பந்து இன்னும் வலைக்கு மேலே பறந்துகொண்டிருக்கும். வலப்பக்கத்தார் கைதட்டி முடித்த பின்னரே இடப்பக்கத்தாருக்குப் புள்ளி விழுந்தது.

"அண்ணே, உங்க பக்கம் இன்னும் நேத்திக்கு ஆட்டம் ஓடுதா?" என்றார் லெட்சுமணன்.

தட்டுக் கட்சியார் கடுப்பாகி, கம்பிக் கட்சியார் வாயில் துணியை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும் என்று கோரினார்கள். அது நிறைவேறவில்லை.

கோதண்டபாணிக்கு உட்காரப் பொழுதில்லை. இரண்டு திரைகளுக்கும் நடுவே தறிநாடா போல ஓடினார். தட்டில் நிறம் பளிச்சென்று இருந்தது. ஆனால் கவிமலர் விசையோடு ஓங்கி அடிக்கும்போது பந்து சின்னச் சின்னக் கட்டங்களாகச் சிதறிப் பிறகு கூடியது. கம்பியில் நிறம் சற்று அடக்கம். பந்தின் இறகுகளோ ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மகளின் நெற்றி வியர்வை புருவத்தில் தங்கி உருள்வது தெரிந்தது. காலணியின் நாடா தளர்ந்திருப்பது தெரிந்தது. அவர் கடையில் விற்ற காலமெல்லாம் இப்படி ஒரு படத்தைக் கண்டதில்லை. நெஞ்சு விம்மியது. லெட்சுமணனிடம் தோற்றுப்போவோமோ என்ற கவலைகூட அவருக்கு மறந்துவிட்டது.

முதல் செட் கவிமலருக்கு. இரண்டாவது எதிரிக்கு.

மூன்றாவது செட்டில் கோதண்டபாணி ஒன்றைக் கவனித்தார். ஒவ்வொரு புள்ளி முடிந்ததும், வென்றாலும் தோற்றாலும், கவிமலர் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு மட்டையைச் சுழற்றிக்கொண்டு ஆடப் போனாள்.

"சாமி கும்பிடுது பிள்ளை" என்றார் லெட்சுமணன்.

"இல்ல தம்பி. கூரை விளக்கு கண்ணைக் கூசுது. இந்தா, கிட்ட வந்து பாரு, கண்ணுமணி மேல போறதுகூடத் தெரியுது. தட்டுல இது தெரியாது. ஒத்துக்கிறேன்."

கம்பிக் கட்சி ஆரவாரித்தது. அதே வேளையில் ஒளிப்பதிவுக் கருவி அரங்கின் மேல் வரிசைப் பக்கம் திரும்பியது. வலப்பக்கத்தார் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள். என்னவோ ஏதோவென்று இடப்பக்கத்தார் திகைத்து நிற்க, நாலைந்து நொடியில் அவர்கள் திரையிலும் அது வந்தது. வெள்ளைப் புடைவையும் மடியில் துணிப்பையுமாக, கூரைக்கு அருகில், நம் ஞானாம்பிகை அம்மையார்!

கூடம் குலுங்கியது. சிலர் திரையை நோக்கிக் கைகூப்பினார்கள். கோதண்டபாணியும் கைகூப்பினார். கூப்பிய கையோடு அருகில் போய்ப் பார்த்தார். அம்மையாருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதன் சிவப்பு மெத்தையில் ஒரு மூலை கிழிந்திருந்ததுகூடக் கம்பியில் துல்லியமாகத் தெரிந்தது. அடடா என்று வாய்விட்டு வியந்தார். குனிந்தபோது சட்டைப்பையில் இருந்த ஏதோ ஒரு காகிதம் மார்பில் குத்தியது. அதை ஒதுக்கிவிட்டுக்கொண்டார்.

பத்தொன்பதுக்குப் பத்தொன்பது.

கவிமலர் வலையோரம் பந்தை மெல்லத் தட்டிவிட்டாள். இருபது. நிமிர்ந்து மேலே பார்த்தாள். பிறகு நீண்ட ஆட்டம். பந்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறந்தது. எதிரி உயர எடுத்தாள், கவிமலர் எகிறினாள், வலப்பக்கத்தார் இடிபோல முழங்கினார்கள். கோதண்டபாணி சட்டென்று இடப்பக்கம் ஓடினார். அங்கே மகள் இன்னும் எகிறவில்லை. கண் கொட்டாமல் காத்து நின்றார். இதோ எகிறினாள். அடித்தாள். மறுபடியும் வென்றாள். தம் மகள் இரண்டு முறை வென்றதைக் கண்ட தகப்பன் இந்த நாட்டிலேயே தாம் ஒருவர்தான் என்று சொல்லி அழுதார். லெட்சுமணன் அவரைத் தூக்கிச் சுற்றினார். கட்சி வேறுபாடு அங்கேயே ஒழிந்தது. இரு வரிசையும் கலந்து நின்று கேசரி தின்றது.

பொழுது சாயும் வேளையில் அம்மையார் பேருந்திலிருந்து இறங்கினார். கோதண்டபாணி வாசலுக்கே ஓடிப்போய் எதிர்கொண்டார். பின்னாலேயே கூடம் முழுவதும் வந்தது. கவிமலர் நலமாக இருப்பதாகவும், கோப்பை அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்ததாகவும் அம்மையார் சொன்னார். சீடர்கள் மகிழ்ந்தார்கள்.

கோதண்டபாணியால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, ரெண்டையும் வச்சுப் பாத்துட்டோம். வேகமான காட்சிக்குக் கம்பிதான். நிறத்துக்குத் தட்டு. தீர்ப்பு நீங்கதான் சொல்லணும்."

"நீங்கள் என்ன கண்டீர்கள்?"

அவர் உற்சாகமாக அடுக்கினார். புருவத்து வியர்வை, தளர்ந்த நாடா, பந்தின் இறகு, நாற்காலியின் கிழிசல். கடைசியாக, ஒவ்வொரு புள்ளிக்கும் பிறகு கவிமலர் மேலே பார்த்ததையும், அந்தக் கண்மணியின் அசைவுகூடத் தமக்குத் தப்பவில்லை என்பதையும் சொன்னார்.

பிறகு அம்மையாரைப் பார்த்துக் கேட்டார்.

"அங்கிருந்து உங்களுக்குப் பிள்ளை எப்படித் தெரிஞ்சாம்மா?"

"எறும்பு மாதிரி."

எல்லாரும் சிரித்தார்கள். கோதண்டபாணி பெருமிதத்தோடு லெட்சுமணனைத் திரும்பிப் பார்த்தார்.

"முகம் சரியாகத் தெரியவில்லை" என்றார் அம்மையார். "ஆனால் மேலே எதைப் பார்க்கிறாள் என்பது அங்கிருந்து தெரிந்தது."

"விளக்கைத்தானேம்மா?"

அம்மையார் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார். கோதண்டபாணியைக் கடந்து செல்லும்போது ஒரு கணம் நின்றார்.

"அதன் எண் உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது" என்றார்.