கல்லின் கடைசிக் கோடு

ஒரு கேள்வி, யோசித்துச் சொல்லுங்கள். ஒருவன் ஓர் ஆற்றை அளந்தான். கணக்கில் பிழை இல்லை, கோலில் பிழை இல்லை. ஆனாலும் அவன் சொன்ன எண் ஒரு குழந்தைக்குப் போதவில்லை. ஏன்?

அவன் பெயர் ஆதன். ஆற்றின் நீரளவு பார்க்கும் பெருந்தேவியின் சீடன். மூன்று மாதத்துக்கு முன்புதான் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவிக்கு, இறந்துபோன முதல் கணவர் வழியில் ஏழு வயது மகள் உண்டு. பெயர் எயினி. கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அக்கரையில் சித்தியோடு இருந்தாள். "ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று ஆதன் வீட்டுக்கு வந்திருந்தாள். அந்த வாரம் அன்றோடு முடிந்தது.

மறுநாள் காலைப் படகில் திரும்புவதா, இங்கேயே இருப்பதா? அவள்தான் சொல்ல வேண்டும். அவள் அம்மா அன்று சரியாகச் சாப்பிடவே இல்லை.

ஆதன் கவிதை எழுதுவான். எப்போதும் பதினான்கு வரி. பன்னிரண்டில் உவமை, கடைசி இரண்டில் சத்தியம். மனைவியின் மனத்தை அப்படித்தான் வென்றான். எயினிக்கும் ஒன்று எழுதிப் படித்துக் காட்டினான். இந்த ஆற்றளவு அன்பு உன்மேல் என்று அது முடிந்தது.

"ஆறு எவ்வளவு?" என்றாள் எயினி.

ஆதன் ஓடினான். ஆடி வெள்ளம் கரை தொட்டுப் போனது. நூறடி இடைவெளியில் நட்ட இரண்டு கம்புகளுக்கு நடுவே தேங்காய் நெற்றை மிதக்கவிட்டு, மூச்சை எண்ணி, அகலத்தையும் ஆழத்தையும் பெருக்கிக்கொண்டு வந்தான்.

"ஒரு மூச்சுக்கு இருபதாயிரம் குடம்."

"மழை நின்றுபோனால்?"

ஆதன் எழுந்து பெருந்தேவியிடம் போனான்.

"ஆசானே, இதைவிடப் பெரிய எண் வேண்டும்."

"இருபதாயிரம் குடம் போதாதாமா? எங்கே ஊற்றி வைப்பாளாம்?"

ஆதன் சிரிக்கவில்லை. பெருந்தேவி அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். கரையோரத் தண்ணீரில் நின்ற, நீர்மட்டக் கோடுகள் வெட்டிய அளவுக்கல்லைக் காட்டினாள்.

"முங்கு. ஆக அடியில் ஒரு கோடு இருக்கும். தொட்டுவிட்டு வா."

மேலே தள்ளிய தண்ணீர் கீழே போகப் போகத் தளர்ந்தது. பாசிக்கு அடியில் கோடு விரலில் தட்டுப்பட்டது.

"தொட்டேன். யார் வெட்டியது?"

"நான்தான். பெரும்பஞ்சத்து வைகாசியில். ஆறு அதற்குக் கீழே இறங்கியதே இல்லை."

"அதை இப்போது எதற்கு..."

"கீழூர்க்காரர்கள் இந்த ஆற்றை நம்பிக் குடியேறலாமா என்று பார்க்க வந்தபோது இந்தக் கல் முழுக்கக் கோடுகள். அவர்கள் ஆக அடியில் உள்ள இந்த ஒன்றைப் பற்றித்தான் கேட்டார்கள். போ, தலையைத் துவட்டு. சளி பிடிக்கும்."

ஆதன் துவட்டவில்லை. ஈரம் சொட்ட எயினி எதிரே உட்கார்ந்தான். அவள் துணிமூட்டையைக் கட்டி மடியில் வைத்திருந்தாள்.

"எனக்குக் கோபம் வந்தால் பேச மாட்டேன். ஒரு நாள் முழுக்கக்கூட" என்றான். "களைத்து வந்தால் சிடுசிடுப்பேன். கவிதையும் வராது."

"அன்றைக்கு?"

"அன்றைக்கும் உனக்குக் கஞ்சி ஆற்றித் தருவேன். சடை பின்னிவிடுவேன்."

"பின்னத் தெரியுமா?"

"கோணலாக வரும்."

எயினி அவன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் பாசி இருந்தது.

மறுநாள் காலைப் படகு கிளம்பியது. எயினி அதில் ஏறவில்லை.