நின்றுபோன ரயிலில் பெண் பார்க்கப் போனது

கொட்டாங்குளத்துக் கருத்தப்பாண்டிக்கு ஏழு இடத்தில் பெண் பார்த்து ஏழும் தட்டிப்போயிருந்தது. எட்டாவது பெண் பட்டணத்துக்காரி. அவள் அப்பா போனில் சொன்னார்: "பழைய ரயில் பாலத்து மேல பார்க் கட்டியிருக்காங்க. படியேறி, ரயில் பாதையிலயே நேரா வந்தீங்கன்னா கடைசி பெஞ்சுல இருப்போம். அஞ்சு மணிக்கு வேற மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. அதுக்கு முன்னாடி வந்துருங்க."

தாய்மாமன் மூக்கையா, பங்காளிகள் இருளன், ஒச்சப்பன், கையில் தாம்பூலத் தட்டு சகிதம் பாண்டி மூன்று மணிக்கே பாலத்தில் ஏறிவிட்டான்.

தண்டவாளம் இருந்தது. நடுநடுவே புல்லும் பூச்செடியும் இருந்தன. ரயிலைத்தான் காணோம்.

"ரயில் எங்கய்யா?" என்று காவலாளியிடம் கேட்டார் மூக்கையா.

"அது நின்னு இருபது வருசமாச்சே!"

"நின்னுருச்சாம்ப்பா" என்றார் மூக்கையா, முகம் தொங்கிப்போய்.

"நின்ன வண்டி கிளம்பாமயா போயிரும் மாமா? சிக்னல் விழுந்திருக்காது" என்றான் ஒச்சப்பன்.

"இருபது வருசமாவா?"

"நம்மூரு ரயில்வே கேட்டுல நின்னதில்லையா நீங்க?"

நால்வரும் ஓரமாக நின்று காத்திருந்தார்கள். நடைப்பயிற்சிக்காரர்கள் விறுவிறுவென்று கடந்து போனார்கள். "பாவம், டிக்கெட் கிடைக்காத சனம். நடந்தே போகுதுக" என்று இரங்கினான் இருளன்.

நாலரை ஆனது. "மாமா, இதுவும் போச்சுன்னா நான் சாமியாராப் போயிருவேன்" என்று பாண்டி அழவே ஆரம்பித்துவிட்டான்.

"ரயில் பாதையில ரயிலுதான்டா போகணும். நாமளே ரயிலாயிருவோம்" என்றார் மூக்கையா.

தாய்மாமன் இருக்கும்போது வேறு யார் இன்ஜின்? இருளன் பொதுப்பெட்டி. மாப்பிள்ளை என்பதால் பாண்டி ஏசி பெட்டி. ஒச்சப்பன் கார்டு, தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துப் பச்சைக்கொடியாக ஆட்டினான். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொள்ள, வண்டி "கூ" என்று கிளம்பியது.

கடைசி பெஞ்சுக்குப் பத்தடி முன்னால் சிவப்பாக ஒரு செம்பருத்தி நீட்டிக்கொண்டிருந்தது. இன்ஜின் நின்றது.

"வாங்க மாப்பிள்ளை!" என்று எழுந்தார் பெண்ணின் அப்பா.

"சிவப்பு விழுந்திருக்குங்க" என்றான் பாண்டி பரிதாபமாக.

பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்து, பூவை வளைத்துச் செடிக்குள் மறைத்தாள். வெறும் இலை பச்சையாகத் தெரிந்தது. உடனே கிளம்பிய வண்டி பெஞ்சைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

"மாமா, நிறுத்துங்க! பொண்ணு!"

"எக்ஸ்பிரஸ்டா இது. சின்ன ஸ்டேஷன்ல நிக்காது."

பாண்டி சட்டையை விட்டிருக்கலாம். ஆனால் ஓடும் ரயிலிலிருந்து குதிக்க யாருக்குத் தைரியம் வரும்? கண்ணீரோடு கையை மட்டும் ஆட்டினான்.

"அப்பா, அந்த அழுதுட்டே போற பெட்டிய எனக்குப் பிடிச்சிருக்கு" என்ற குரல் பின்னால் கேட்டது.

பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "தம்பி, வண்டி திரும்பி எப்ப வரும்?"

மறுகோடிப் படியில் இறங்கிக்கொண்டிருந்த கார்டு ஒச்சப்பன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதெல்லாம் விசாரணை கவுன்ட்டர்ல கேளுங்க!"