அண்ணாச்சியின் மரவாள்

"டீச்சரம்மா, என் வாள் பத்தலை" என்றார் சவரிமுத்து.

வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் கிரேன் ஓட்டுகிறவர். வயது நாற்பத்து மூன்று. விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஆன்லைன் விளையாட்டில் இறங்கிவிடுவார். அங்கே எட்டுப் பேர் கொண்ட ஒரு படை. எல்லாரும் தமிழ் பேசுகிறவர்கள். வாரம் முழுக்க அவர் காதில் விழும் தமிழ் அவ்வளவுதான்.

டீச்சரம்மா என்று அவர் அழைத்தது பூங்கோதையை. பல்லடத்தில் பள்ளி ஆசிரியை, இருபத்து நான்கு வயது. படைக்குத் தலைவியும் அவள்தான், மருத்துவச்சியும் அவள்தான். சண்டையில் விழுந்தவர்களை எழுப்பி நிறுத்துவது அவள் வேலை.

"என்ன ஆச்சுங்க, அண்ணாச்சி?"

"பதினோரு தடவை தோத்தாச்சு. ஒவ்வொரு தடவையும் டிராகனுக்கு நூலளவு உயிர் மிச்சம் நிக்குது. இன்னைக்கு விட்டா கேம் கம்பெனிக்காரவ இந்த டிராகனை எடுத்துருவாவ. எட்டுப் பேர்ல முதல்ல விழுதது நான்தான். அதனால வாளுக்குப் பத்தாவது அப்கிரேடு பண்ணப் போறேன்."

வாளின் வலுவைக் கூட்டவென்று விளையாட்டில் நான்கு மாதமாகச் சேர்த்த கற்கள் அத்தனையும் அதற்குப் போய்விடும். நான்கில் மூன்று முறை வாளே உடைந்தும் போகும். அது அண்ணாச்சிக்குத் தெரியாமல் இல்லை.

"உடைஞ்சுட்டா?"

"விலகிக்கிடுதேன். உங்களுக்கு எதுக்குப் பாரமா?"

சொல்லிவிட்டாரே தவிர, வெள்ளிக்கிழமை மதியங்களை வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது?

"உடையலைன்னா என்னங்க கிடைக்கும்?"

"பத்து வெட்டுல ஒண்ணுக்கு டிராகன் தலைக்கு மேல அடி நம்பர் அஞ்சு இலக்கத்துல சிவப்பாத் தெறிக்கும்மா! பாத்திருக்கியளா?"

"மத்த ஒம்பது?"

"அது... இப்ப விழுத மாதிரிதான்."

பூங்கோதை சிரிக்கவில்லை.

"கல்லை இப்பத் தொடாதீங்க. பெட்டியில மரவாள் கிடக்குதுங்களா?"

விளையாட்டில் சேர்ந்த முதல் நாளே எல்லார் கையிலும் சும்மா கொடுக்கிற வாள் அது. எலி அடிக்க ஆகும்.

"கிடக்குது. எதுக்கு?"

"அதை எடுத்துட்டு டிராகன்கிட்ட வாங்க. நாம ரெண்டு பேர் மட்டும். ஜெயிக்க வேண்டாங்க. மூணு நிமிஷம் விழாம நின்னாப் போதும்."

கிண்டல் செய்கிறாளோ என்று அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போனார்.

வெட்டினார். டிராகனின் தலைக்கு மேல் '3' என்று எழுந்தது. இன்னொரு வெட்டு. '2'.

பார்க்கவே வெட்கமாக இருந்தது. அதனால் எண்ணைப் பார்ப்பதை விட்டார். கண் சும்மா இருக்குமா? கீழே இறங்கியது.

டிராகனின் இடது கால் ஓரடி பின்னால் போனது. அடுத்த நொடி வால் சுழன்று வந்து அவரைச் சாய்த்தது. பூங்கோதை எழுப்பிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அந்த இடது கால். இந்த முறை குதித்துவிட்டார். வால் அவர் காலடியில் போயிற்று.

"டீச்சரம்மா! வாலைச் சுத்துததுக்கு முன்னால காலை நகட்டுது!"

"அப்படீங்களா?"

"எப்பவுமேவா?"

"பதினோரு தடவையும்ங்க."

அந்தப் பதினோரு தடவையும் அவரை எழுப்பி எழுப்பியே அவள் கை ஓய்ந்திருந்தது.

"இருபது வருசமா கொக்கியைப் பாத்துப் பெட்டி இறக்குதவன் நான், இங்க நம்பரைப் பாத்துக்கிட்டு நின்னுருக்கேன்" என்று முனகினார்.

அதற்குள் மற்ற ஆறு பேரும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துவிட்டார்கள். சண்டை தொடங்கியது.

இடது கால். குதித்தார். மறுபடி இடது கால். மறுபடி குதித்தார். "அண்ணாச்சி இன்னுமா நிக்குறாரு?" என்று யாரோ கத்தினார்கள். விழுந்து கிடப்பவர் யாரும் இல்லாமல் போகவே பூங்கோதையும் தன் பங்குக்கு நெருப்பை எடுத்து வீசினாள்.

டிராகன் விழுந்தது.

ஹெட்செட் வெடித்துவிடும்போல் எட்டுப் பேரின் கூச்சல். அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"டீச்சரம்மா, அடுத்த டிராகன் வாரதுக்கு முன்ன அந்தப் பத்தாவது அப்கிரேடைப் பண்ணிரட்டா?"

"பண்ணுங்களே. எந்த வாளுக்குன்னு மட்டும் பார்த்துக்கங்க."

சவரிமுத்து திரையில் தன் கையைப் பார்த்தார்.

மரவாள்.