இரண்டு கொத்து, ஒரு விழுங்கல்

அந்தக் காலத்தில் மீன்களுக்கு வாயும் இருந்தது, வாயில் பேச்சும் இருந்தது. பேச்சைவிட மரியாதை அதிகமாக இருந்தது. எதிரில் வைத்த இரையை முகர்ந்து பார்ப்பதும், ஓரத்தைக் கடித்துப் பார்ப்பதும், பிடிக்காவிட்டால் துப்புவதும் வைத்தவரை அவமதிக்கும் செயல் என்று அவை நினைத்தன. இரை கண்ணில் பட்டால் ஒரே வாயில் விழுங்கிவிட வேண்டும். நல்ல குடும்பத்து மீனுக்கு அதுதான் அடையாளம்.

இந்த மரியாதையால் நெடுநாள் யாருக்கும் கெடுதல் வரவில்லை. பிறகு ஆமை தொழில் தொடங்கியது.

ஏரிக்கரைக்குக் கீழே ஆமைக்கு ஒரு குளம் இருந்தது. அதில் தண்ணீர் உண்டு, மீன் இல்லை. ஒரு கோடையில் ஏரி வற்றிக்கொண்டிருந்தபோது, ஆமை சேற்றின் விளிம்பில் வந்து நின்று மீன்களைக் கூப்பிட்டது.

"எங்கிட்ட வந்துடுங்க. வருசம் முழுக்கத் தண்ணி. தெனம் தவிட்டு உருண்டை."

"பதிலுக்கு நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டது கெண்டை. அதற்குக் குஞ்சுகள் நிறைய. அதனால் கேள்விகளும் நிறைய.

"ஒண்ணும் வேணாம். நீங்க விருந்தாளிங்க. அப்பப்ப சில பேரு உங்களப் பாக்க வருவாங்க. அவ்வளவுதான்."

பார்க்க வருகிறவர்கள் கையில் என்ன கொண்டு வருவார்கள் என்று ஆமை சொல்லவில்லை. விருந்தாளிகள் அதைக் கேட்பது மரியாதையாகவும் இல்லை.

மீன்கள் குளத்துக்குக் குடிபோன பிறகு, பார்க்க வந்தவர்கள் தூண்டில் கொண்டுவந்தார்கள். ஆளுக்கு ஒரு படி தவிடு ஆமைக்குக் கொடுத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்தார்கள். முள்ளில் மண்புழுவைக் கோத்து நூலைத் தண்ணீரில் விட்டார்கள். விட்ட கையோடு மீன் விழுங்கியது. உட்கார்ந்தவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி முடிப்பதற்குள் மீனோடு எழுந்துவிடுவார். மறுநாள் அவர் கொடுத்த தவிட்டை ஆமை உருட்டி மீன்களுக்கே போட்டது. மிச்சமிருந்த மீன்கள் நன்றி சொல்லித் தின்றன.

மார்கழி வந்தபோது குளத்தில் இடம் தாராளமாக இருந்தது. கெண்டையின் அக்காள் இல்லை. நாத்தனார் இல்லை. படித்துறைப் பக்கம் குடியிருந்த குடும்பத்தில் ஒருவரும் இல்லை. இத்தனைக்கும் கெண்டை வாய் திறக்கவில்லை. ஒருநாள் காலை, அதன் கடைசிக் குஞ்சு மிதந்து வந்த ஒரு துரும்பைப் பார்த்தது. பார்த்ததும் மிகுந்த மரியாதையோடு ஒரே வாயில் விழுங்கிவிட்டு, அம்மாவைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தது.

கெண்டை அன்றே கூட்டம் கூட்டியது.

"காணும் பொங்கல் அன்னிக்கு ஊரே தூண்டிலத் தூக்கிட்டு வருது. இனிமே யாரும் எடுத்த எடுப்புல விழுங்கக் கூடாது. மொதல்ல மெள்ள ஒரு கொத்து. அப்புறம் இன்னொரு கொத்து. அதுக்கு அப்புறம்தான் வாயத் திறக்கணும்."

கூட்டம் திகைத்தது. "கொத்திப் பாக்கறதா? பெரியவங்க என்ன சொல்லுவாங்க?" என்றது இன்னொரு கெண்டை.

"சொல்றதுக்குப் பெரியவங்க யாரு மிச்சம் இருக்கா?"

எல்லோரும் சுற்றிலும் பார்த்தார்கள். அதற்கு மேல் விவாதம் நடக்கவில்லை.

சேற்றில் படுத்திருந்த கெளுத்தி மட்டும் மீசையை ஆட்டியது. "அக்கா, இந்தக் கொத்தற வேலயெல்லாம் உங்க சின்ன வாய்க்குச் சரி. எனக்குக் கடவுள் பெரிய வாயாக் குடுத்திருக்கான். சும்மா வச்சிருந்தா அவன் மனசு நோகும்."

"நோகட்டும். நீ உயிரோட இருப்ப."

"பசியோட உயிரா இருக்கறதுக்கு..." என்று தொடங்கிய கெளுத்தி, எதிரே ஒரு தவளைக்குஞ்சு வரவே பேச்சை அதோடு முடித்துக்கொண்டது.

கெண்டை நேராக ஆமையிடம் போனது.

"ஆமையாரே, பொங்கலுக்கு ஊரே வருது. எத்தன தூண்டிலோ அத்தன மீன் போயிடும். மறுநாள் உம்ம குளத்துல என்ன இருக்கும்?"

கடினமான கேள்வி வந்தால் தலையை உள்ளே இழுத்துக்கொள்வது ஆமையின் வழக்கம். ஓட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. "தண்ணி இருக்கும்."

"தண்ணியப் பாக்க எவன் தவிடு குடுப்பான்?"

தலை வெளியே வந்தது. "அப்ப கடிக்காதீங்க."

"கடிக்கலேன்னா?"

"ஒருத்தனும் வரமாட்டான். நானும் தாமரை போட்டுட்டு நிம்மதியா இருப்பேன். அதுக்கு முன்னால வலக்காரனக் கூப்பிட்டு, உங்கள..." ஆமை முடிக்கவில்லை. தொழில் செய்தாலும் அது நாகரிகமான பிராணி.

கெண்டை தன் திட்டத்தைச் சொன்னது. முதல் இரண்டும் வெறும் கொத்து. மூன்றாவதுதான் விழுங்கல். அதுவரை பொறுத்திருப்பவர் மீனை எடுத்துக்கொண்டு போகலாம். முன்னாலேயே இழுப்பவருக்கு முள் மட்டும்.

ஆமை சிரித்தது. "இதுல உனக்கு என்ன லாபம்? எல்லாரும் மூணாவதுக்குக் காத்திருந்துட்டுப் போறாங்க."

"நீர் மனுசங்களப் பாத்திருக்கீரா?"

"தெனம் பாக்கறேன்."

"அவங்க காத்திருந்து பாத்திருக்கீரா?"

ஆமை நீண்ட ஆயுள் உள்ளது. பிறந்ததிலிருந்து பார்த்த மனிதர்களை எல்லாம் நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தது. அப்படி யாரும் தட்டுப்படவில்லை.

"சரி. ஆனா ரெண்டு கொத்துக்கும் ஒருத்தன் இழுக்கலேன்னா, மூணாவது கட்டாயம் விழுங்கணும். ஒரு மீன் ஏமாத்தினாலும் மறுநாளே வல."

"ஒத்துக்கறேன்."

சாட்சிக்குத் தட்டானைக் கூப்பிட்டார்கள். தலை முழுவதும் கண்ணாக இருப்பதால் அதற்கு அந்தப் பதவி பொருத்தமாக இருந்தது. கூலியாக எதுவும் கேட்கவில்லை. தூண்டில் கோலின் நுனியில் உட்கார இடம் கொடுத்தால் போதும் என்றது. "நான் யார் பக்கமும் இல்ல. பாத்ததச் சொல்லுவேன்" என்று சிறகைச் சரிசெய்துகொண்டது.

காணும் பொங்கல் அன்று காலையில் முதல் ஆளாக வந்தவன் வேம்பையன். அன்று அவன் மைத்துனன் விருந்துக்கு வருகிறான். மனைவி பூங்காவனம் கத்தரிக்காய் வாங்கலாம் என்றாள். "உன் தம்பிக்குக் கத்தரிக்காயா? நீ மசாலா அரச்சு வை. அரச்சு முடிக்கறதுக்குள்ள மீனோட நிப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

அவன் தூண்டில் போடுகிற விதத்தில் சரியானது எதுவும் இல்லை. தொம் தொம் என்று கரையை மிதித்து நடந்தான். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றதால் அவன் நிழல் முழுதாகத் தண்ணீரில் விழுந்தது. மிதக்கும் தக்கையை முள்ளுக்குப் பக்கத்திலேயே கட்டியிருந்தான். கெண்டைகள் அடியில் மேய, அவன் புழு மேலே வெயில் காய்ந்தது. முள் நாய்க்குட்டியைப் பிடிக்கும் அளவில் இருந்தது. அதுவரை இதனால் ஒரு குறையும் வந்ததில்லை. மீன்கள் மரியாதையாக மேலே வந்து விழுங்கின.

அன்று தக்கை லேசாக நடுங்கியது. வேம்பையன் இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்தான். முள் காற்றில் பறந்து பின்னாலிருந்த நுணா மரத்தில் மாட்டியது.

"என்னய்யா, மரத்துலயா மீன் பிடிக்கற?" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொன்னுரங்கம்.

"நழுவிடுச்சு. இவ்வளவுதான், நூலிழைல நழுவிடுச்சு."

அடுத்த தடவை முள் அவன் தலைப்பாகையைக் கொண்டுபோய் அதே மரத்தில் மாட்டியது. அதற்கும் அடுத்த தடவை பொன்னுரங்கத்தின் வேட்டியைப் பிடித்தது. அப்போது பொன்னுரங்கம் பேசியதை இங்கே எழுத முடியாது. கொஞ்ச நேரத்தில் அவர் தக்கையும் நடுங்கியது. அவரும் வெடுக்கென்று இழுத்தார். கரை நெடுகிலும் வெடுக் வெடுக்கென்ற சத்தம்தான். தண்ணீருக்கு அடியில் குஞ்சுகள் குமிழி குமிழியாகச் சிரித்தன.

உச்சிவேளையில் பூங்காவனம் வந்தாள்.

"ஏன்யா, மசாலா அரச்சுக் காஞ்சே போச்சு. மீன் எங்க?"

"இப்பதான் ஒண்ணு..."

"எந்தம்பி வந்து வாசல்ல உக்காந்திருக்கான். சோத்துக்கு என்னன்னு கேட்டா உம்மூஞ்சியக் காட்டவா?"

"இதக் கொஞ்சம் பிடி. தலப்பா மரத்துல இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்."

கோலை அவள் கையில் திணித்துவிட்டு அவன் நுணா மரத்தில் ஏறினான். போகும் அவசரத்தில் கால் நூலில் இடறி, தக்கை முள்ளைவிட்டு மேலே நகர்ந்துவிட்டது. அவளுக்குத் தூண்டில் போடத் தெரியாது. நூலைத் தண்ணீரில் போட்டுவிட்டு மரத்தைப் பார்த்துத் திட்டத் தொடங்கினாள். புழு முதல் முறையாகக் குளத்தின் அடிவரை இறங்கியது. தட்டான் கோல் நுனியில் வந்து உட்கார்ந்தது.

கடைசிக் குஞ்சு அந்தப் புழுவைப் பார்த்தது. பழைய பழக்கத்தில் வாயைப் பெரிதாகத் திறந்தது. கெண்டை பாய்ந்து அதைத் தள்ளிவிட்டு, தானே புழுவைக் கொத்தியது.

தக்கை நடுங்கியது. மேலே, "போன பொங்கலுக்குக் கரும்பு வாங்கப் போனப்பவும் இதே கததான்" என்றாள் பூங்காவனம்.

கெண்டை இரண்டாவது முறை கொத்தியது. இப்போது இழுப்பாள், இதோ இழுப்பாள் என்று பார்த்தது. நூல் அசையவில்லை. "ஒங்கப்பாரு மாடு வாங்கப் போயி ஆடு வாங்கிட்டு வந்தாரு. அந்த வம்சந்தானே நீ!"

தண்ணீருக்கு மேலே தட்டானின் கண்கள் தெரிந்தன. பின்னால் குஞ்சுகள் பார்த்துக்கொண்டிருந்தன. விழுங்காவிட்டால் நாளைக்கு வலை. வலைக்குப் பெரியது சிறியது தெரியாது. கெண்டை குஞ்சுகளைப் பார்த்து, "பொதருக்குள்ள போங்க" என்றது. பிறகு கண்ணை மூட முடியாததால் திறந்தபடியே புழுவை விழுங்கியது.

தக்கை முழுதாக மூழ்கிவிட்டது. கை கனப்பது தெரிந்து பூங்காவனம், திட்டை நிறுத்தாமலேயே கோலைத் தூக்கினாள். கெண்டை கரைப் புல்லில் வந்து விழுந்தது.

"அடி ஆத்தே, மீனு!"

"தொடாத! எம்மீனு!" என்று கத்திக்கொண்டு வேம்பையன் மரத்திலிருந்து குதித்தான். குதித்த வேகத்தில் நூலைப் பற்றி உலுக்கி முள்ளைப் பிடுங்கினான். மீனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான். ஈர மீனை இறுக்கிப் பிடித்தால் என்ன ஆகும் என்று அவன் அன்று தெரிந்துகொண்டான். கெண்டை ஒரே துள்ளலில் அவன் இரண்டு கைகளுக்கும் நடுவிலிருந்து கிளம்பித் தண்ணீரில் விழுந்தது.

ஆமை அவசரமாகத் தட்டானைப் பார்த்தது.

"மூணாவதுக்கு விழுங்கிச்சு. கரைக்கும் வந்துச்சு. அதுக்கப்புறம் நடந்தது மனுசங்க விவகாரம்" என்றது தட்டான்.

 பூங்காவனம் கோலை எடுத்து, புதுப் புழுவைக் கோத்து, மறுபடி போட்டு உட்கார்ந்தாள். கொத்து கித்து எதுவும் இல்லாமல் தக்கை ஒரேயடியாக உள்ளே போனது. கெளுத்தி! கடவுள் மனசு நோகாமல் பார்த்துக்கொண்ட திருப்தியோடு அது மசாலாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்று மாலை மற்றவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஒருவரும் கோபமாகப் போகவில்லை. "நூலிழைல போச்சு" என்றார்கள். "நாளைக்கு விட மாட்டேன்" என்றார்கள். மறுநாள் விடிவதற்குள் தவிட்டுப் படியோடு எல்லோரும் வந்து நின்றார்கள். மீன் பிடித்தவனைவிட மீன் நழுவியவன்தான் நல்ல வாடிக்கைக்காரன் என்பதை ஆமை அன்று கண்டுகொண்டது. தாமரை போடும் எண்ணத்தைக் கைவிட்டது.

பொங்கல் அன்று வீடு திரும்பும்போது வேம்பையன் மட்டும் மீனைப் பிடித்திருந்த நிலையிலேயே இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நடந்தான். வழியில் பார்த்தவர்களிடம், "இவ்வளவு பெருசு" என்றான். ஒவ்வொருவரிடமும் சொல்லச் சொல்லக் கைகளுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. வீட்டுக்கு வந்தபோது வாசற்படிக்குள் நுழைய முடியவில்லை. ஒருக்களித்துத்தான் போனான்.

"மாமா, குழம்புல கெளுத்திதான் கெடக்கு. நீங்க பிடிச்சது எங்க?" என்றான் மைத்துனன்.

வைத்த இரையைக் கெண்டை கொத்திப் பார்ப்பதும், தூண்டில் போட்டால் எங்கிருந்தோ ஒரு தட்டான் வந்து கோல் நுனியில் உட்காருவதும் அந்தப் பொங்கலில் தொடங்கிய பழக்கம். வெறுங்கையோடு வருகிறவன் இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைவதும் அன்று முதல்தான்.