கொசுறுச் செடிகள்

ஏகாம்பரம் வாளியைக் கிணற்றுச் சுவரில் அடித்து உடைத்துவிட்டு, அறைக்குப் போய்ப் பையைக் கட்டினார். இனி இந்த ஆசிரமத்தில் ஒரு வேளைகூட இருப்பதில்லை.

முப்பது வருஷம் வெங்காய மண்டி நடத்தியவர். மூட்டை தூக்கி ஆரம்பித்து, ஏச்சு வாங்கி, ஏமாந்து, பிறகு எவனிடமும் ஏமாறாத ஆளாகி, அறுபத்தொரு வயதில் அசந்துபோனார். படுத்தால் உடம்புதான் படுத்தது. மனசு அது பாட்டுக்கு ஏலம் கேட்டுக்கொண்டிருந்தது. அது ஒரு நாளாவது ஓயட்டும் என்றுதான் மலையடிவாரத்துச் சின்ன ஆசிரமத்துக்கு வந்தார். அதை நடத்துகிற கோமளவல்லி அம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

வந்த அன்றைக்கே பேரம் பேசினார். இங்கேயே தங்கி அம்மாவிடம் பாடம் கேட்பார். ஆனால் மண்டியிலிருந்து தம்பி கூப்பிட்டால் போனில் பேசுவார். வெள்ளிக்கிழமை ஏலத்துக்கு ஒரு நடை போய் வருவார். ஊர்ப் பஞ்சாயத்தையும் விட முடியாது. அம்மா எல்லாவற்றுக்கும் சரி என்றார். இழுக்காமல் சரி சொன்ன ஆளை ஏகாம்பரம் அதுவரை பார்த்ததில்லை. உள்ளூர ஜெயித்த சந்தோஷம்.

அம்மா கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. சமையலறைச் சுவருக்கும் கிணற்றுக்கும் நடுவே இரண்டு பாய் விரிக்கிற அளவு மண் கிடந்தது. அந்த இடத்துக்குத் தகுந்த பூச்செடி ஒன்று வைக்க வேண்டும். எதுவென்று அவரே பார்த்துக்கொள்ளலாம்.

ஏகாம்பரம் மல்லிகை என்று முடிவு செய்தார். முப்பது வருஷமாக மூக்கில் அழுகிய வெங்காயம். சாவதற்குள் கொஞ்ச நாளாவது வேறொரு வாசனையில் விடியட்டும்.

நர்சரிக்குப் போய் ஒரு மல்லிக்கன்றுக்கு முக்கால் மணி நேரம் பேசினார். விலையைப் பாதியாக்கினார். அப்புறம் கொசுறு கேட்டார். கொசுறு வாங்காமல் ஒரு கடையை விட்டு இறங்குவது அவர் வழக்கத்திலேயே இல்லை. நர்சரிக்காரர் தொண்டை வறண்டு, எதையாவது எடுத்துக்கொண்டு போங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு செம்பருத்தி, ஒரு நந்தியாவட்டை, ஒரு அரளி. நாலும் அந்த இரண்டு பாய் மண்ணில் இறங்கின.

இது இரண்டாவது பங்குனி. அரளி சுவரைத் தாண்டிவிட்டது. மல்லி எல்லாவற்றுக்கும் அடியில், வெயில் தேடி நூல் மாதிரி நீண்டு கிடந்தது. மொட்டு என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை.

சமையல்காரர் செல்லக்கண்ணு கார்த்திகையிலேயே சொல்லிப் பார்த்தார். மல்லியை முழங்கால் உயரத்துக்குக் கவாத்து பண்ணி, இலையை உருவிவிட்டால்தான் பங்குனியில் பூக்குமாம். வளர்ந்ததை வெட்ட நான் என்ன கிறுக்கனா என்று ஏகாம்பரம் அவரை விரட்டினார். செல்லக்கண்ணு போகிற போக்கில், "பாம்பு குடி வந்தா வாடகை பேசி வாங்கிக்குங்க ஐயா" என்றுவிட்டுப் போனார்.

நாலு செடிக்கும் தினம் இருபது வாளி இறைத்து இடுப்பு போனதுதான் மிச்சம்.

பையும் கையுமாக அம்மா முன்னால் போய் நின்றார். அம்மா புளி ஆய்ந்துகொண்டிருந்தார். மண் சரியில்லை, தண்ணீர் உப்பு, இடமே ராசியில்லை என்று ஏகாம்பரம் பொரிந்து தள்ளினார். அம்மா புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். கடைசியில் இவர் குரல் தானாக இறங்கியது.

"வரும்போது இருந்ததைவிட அசந்துபோயிட்டேம்மா. எனக்கு இது வராது. கிளம்புறேன்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கூரை இறவாணத்தில் செருகியிருந்த அரிவாளையும் கவாத்துக் கத்தரியையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தார். ஏகாம்பரம் பையோடு பின்னால் போனார்.

"அன்னைக்கு எதை வாங்கப் போனீங்க, ஐயா?"

"மல்லி."

"மத்ததெல்லாம்?"

"கொசுறு."

அம்மா அரிவாளை நீட்டினார்.

ஏகாம்பரம் பையைக் கீழே வைத்தார். செம்பருத்தி விழுந்தது. நந்தியாவட்டை விழுந்தது. அரளியிடம் வந்ததும் கை நின்றுவிட்டது.

"இது நாலு பூவாவது குடுக்குது. இதை மட்டும் விட்டுடலாம்மா. வேணும்னா கிளையைக் கழிச்சுடறேன்."

அம்மா சிரித்துவிட்டார். "எதை வாங்கப் போனீங்க?"

அரளிப் பால் கண்ணில் தெறிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டினார். பிறகு அம்மா கத்தரியைக் கொடுத்து, மல்லியின் அருகே முழங்கால் உயரத்தில் கையை வைத்துக் காட்டினார். அதையும் நறுக்கினார். இலைகளை உருவினார். மிஞ்சியது நாலு குச்சி. அந்த மண்ணில் ரொம்ப நாள் கழித்து வெயில் விழுந்தது.

"இனி எப்போ பூக்கும்?"

"ஆனியில பார்க்கலாம்."

ஏகாம்பரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிணற்றுப் படியில் உட்கார்ந்தார். குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்த அன்னைக்கு நான் போன் கேட்டேன், ஏலம் கேட்டேன், பஞ்சாயத்து கேட்டேன். எல்லாத்துக்கும் சரின்னீங்க. ஒண்ணையாவது வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?"

அம்மா வெட்டிப் போட்ட கிளைகளை அள்ளிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நர்சரிக்காரரும்தான் சொல்லலை."

பைக்குள் போன் அடித்தது. தம்பியாகத்தான் இருக்கும், அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஏகாம்பரம் பையைப் பார்த்தார். கையிலிருந்த கத்தரியைக் கீழே வைக்கவில்லை.